தாடை சொன்ன பாட்டு

பள்ளிக்கூடத்தில் அவரைப் பாட்டு டீச்சர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. கோட்டு டீச்சர்தான். கையில் சாக்கட்டி இருந்தால் போதும், ஐந்து கோடு இழுத்துவிடுவார். கரும்பலகையில் இழுப்பார், தரையில் இழுப்பார், சாக்கட்டி இல்லாவிட்டால் ஆசிரியர் அறை மேசைத் தூசியில் விரலால் இழுப்பார். கூட்டித் துடைக்கிற ஆயாம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சொல்வாள்: "மத்த டீச்சருங்க சாப்பிட்ட எடத்தத்தான் நான் தொடைக்கணும். இந்தம்மா நின்ன எடம், நடந்த எடம், சாஞ்ச எடம் எல்லாத்தையும் தொடைக்கணும்."

கோடு என்ன பெரிய மாயம் என்று கேட்டால், மாயம் ஒன்றும் இல்லை. பாட்டை எழுத்தாகப் படிக்கிற வித்தை அது. பாட்டுப் பாடுவது யாருக்கும் வரும். காதால் கேட்டு, வாயால் திருப்பிச் சொல்லிவிடலாம், கிளிகூடச் செய்யும். ஆனால் முன்னே பின்னே கேட்டிராத ஒரு பாட்டை, காகிதத்தை மட்டும் பார்த்துப் பாட வேண்டுமென்றால் அதற்கு எழுத்து தெரிய வேண்டும். ஐந்து கோடு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. புள்ளி ஒன்று கோட்டின் மேல் உட்காரும், இல்லாவிட்டால் சந்தில் நிற்கும். மேலே போகப் போகக் குரல் ஏறும், கீழே வர வர இறங்கும். நம் ஸரிகமபதநி மாதிரி இதிலே டோ, ரே, மீ, ஃபா, ஸோ, லா, டீ. அடிக்கோட்டில் மீ, அடுத்த சந்தில் ஃபா, அதற்கு மேல் கோட்டில் ஸோ, இப்படியே போகும். ரே அடிக்கோட்டுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும், டோ மட்டும் வீட்டுக்குள் வராது. கீழே தனக்கென்று ஒரு குட்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும்.

"அது மட்டும் ஏன் டீச்சர் வெளியில நிக்குது? தப்புப் பண்ணிடுச்சா?" என்று இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும்.

"தப்பெல்லாம் இல்ல. அது வீட்டுக்குக் காவல். எல்லாரும் ஊரச் சுத்திட்டு அதுகிட்டதான் திரும்பி வருவாங்க."

இதைச் சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லித்தர வேண்டும், அதுவும் வகுப்பில் உள்ள எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பதில் டீச்சர் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பாவாடை கட்டிய வயதில் அவர் ஒரு பாட்டுக் குழுவில் சேர்ந்திருந்தார். குரல் கணீர் என்று இருக்கும். ஒரு தரம் கேட்டால் பிடித்துக்கொள்வார். குழு நடத்துகிறவர் எல்லார் கையிலும் காகிதம் கொடுப்பார். இவருக்குக் காகிதத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ஒன்றுதான். பக்கத்தில் நிற்கிற அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டே, ஒரு நூல் பின்னால் பாடிச் சமாளித்தார். ஒரு நாள் வரிசையை மாற்றிவிட்டார்கள். அக்கா அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். புதுக் காகிதத்தைக் கொடுத்து, "நீ மட்டும் பாடும்மா" என்றார் குழு நடத்துகிறவர். இவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அந்த மனுஷன் திட்டியிருந்தால்கூட மறந்துபோயிருக்கும். அவர் திட்டவில்லை. காகிதத்தை மெதுவாக உருவி அடுத்த பெண்ணிடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தக் காகிதம் கையைவிட்டுப் போன விதம்தான் டீச்சரை டீச்சராக்கியது. கல்யாணம் ஆன பிறகு மாலை வகுப்புக்குப் போய், கோட்டையும் சந்தையும் ஆரம்பத்திலிருந்து படித்தார். அவருடைய வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். வேலை முடிந்த கையோடு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வகுப்பு வாசலில் காத்திருப்பார். "உள்ள குரல் ஏறுது, வெளியில இவ குரல் எறங்க மாட்டேங்குது" என்று தோளில் அழுகிற மகளைக் காட்டிச் சொல்வார். அந்த மனுஷன் அன்றைக்கு வாசலில் நிற்காமல் போயிருந்தால் கோட்டு டீச்சர் என்று ஒருத்தர் இல்லை. டீச்சரே இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார், வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்த்தாலும் இதனால் என்ன லாபம் என்று கேட்கிற ஆள். ஒரு நாள் டீச்சரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"டீச்சர், பிள்ளைங்க நல்லாப் பாடுறாங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா இந்தக் கோட்டு மேல தலைப்பிரட்டை வரையறதெல்லாம் எதுக்கு? ஏழு வயசுப் பிள்ளைக்குக் கூட்டலே தகராறா இருக்கு."

"எழுதப் படிக்கச் சொல்லித் தர்றோம்ல சார்? பேசத்தான் தெரியுமே, எதுக்குன்னு விட்டுட்டோமா?"

தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் விடவில்லை. இரண்டாம் வகுப்பின் கோட்டுப் பாட வேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம், டீச்சர் பெரிய வகுப்புகளுக்கு ஆண்டு விழாப் பாட்டு மட்டும் சொல்லித்தரலாம் என்பது அவர் யோசனை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பருவம் முடிகிற வாரத்தில் அவரே வகுப்புக்கு வருவார். யாரும் கேட்டிராத ஒரு பாட்டைக் கொண்டுவருவார். பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடிவிட்டால் பாட வேளை இருக்கும். பாடாவிட்டால் கணக்குக்குப் போகும்.

டீச்சர் வெளியே வரும்போது மனதுக்குள் பாடிக்கொண்டே வந்தார். பயம் என்ன இருக்கிறது? அவர் பிள்ளைகள் தண்ணீர் பட்ட பாடாகப் படிக்கிறார்கள். காலையில் யோசித்து எழுதுகிற புதுப் பாட்டை மத்தியானம் கூசாமல் பாடிவிடுகிறார்கள். ஏறுகிற இடத்தில் ஏறுகிறார்கள், குதிக்கிற இடத்தில் குதிக்கிறார்கள்.

அப்போதுதான் பல் வலித்தது.

கடைவாய்ப் பல். கிராம்பு வைத்துப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தார், கடைசியில் பல் டாக்டரிடம் போனார். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர், பிடுங்கினார். ஒரு பக்கக் கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. "தாடைய அசைக்காதீங்க, பேசாதீங்க" என்று உத்தரவு. வீட்டுக்காரர் ஒரு துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தலை உச்சியில் முடிச்சுப் போட்டுவிட்டார். முடிச்சின் இரண்டு முனையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றன.

"லீவு போடேன்" என்றார்.

டீச்சர் தலையைக்கூட ஆட்டவில்லை. தலைமையாசிரியர் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருக்கும்போது லீவாவது, ஒன்றாவது.

வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள், "முயல்! முயல்!" என்று கொண்டாடிவிட்டார்கள். அடங்கட்டும் என்று காத்திருந்து, கரும்பலகையில் ஐந்து கோடு இழுத்து, சின்னதாக ஒரு புதுப் பாட்டைப் புள்ளி வைத்தார். ஒன்றும் கஷ்டமில்லாத பாட்டு. குச்சியால் முதல் புள்ளியைத் தொட்டார்.

பிள்ளைகள் டோ என்று சரியாகத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒரு கூட்டம் ஏறியது, ஒரு கூட்டம் இறங்கியது, கடைசி பெஞ்சில் ஒருத்தன் நேற்றுப் பாடிய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். முடிச்சைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதனால்தான் பாட்டு வரவில்லை என்று டீச்சர் நினைத்தார். அழித்துவிட்டு, இன்னும் சுலபமாக ஒன்று எழுதினார். படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்குகிற பாட்டு. அதுவும் சந்தைக்கடை ஆனது.

முதல் பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை உண்டு. கேள்வி கேட்கும் முன்பே பதில் சொல்கிற ரகம். முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருந்தார் டீச்சர். அவள் கையைத் தூக்கிக்கொண்டே எழுந்துவிட்டாள்.

"டீச்சர், இன்னைக்கு உங்க மூஞ்சி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது!"

டீச்சருக்குப் புரியவில்லை. பேசவும் முடியாது. 'என்ன?' என்று பலகையில் எழுதினார்.

"தாடைய மேல தூக்குவீங்கல்ல டீச்சர், அப்ப நாங்களும் மேல போவோம். கீழ எறக்கினா எறங்குவோம்."

"புருவத்தத் தூக்குனா குதிக்கணும்" என்றான் இன்னொருவன்.

"உதட்ட மடிச்சா அங்கயே நிக்கணும்."

"கண்ண மூடுனா பாட்டு முடிஞ்சுது" என்றது ஒரு குரல். வருஷம் முழுக்க வாயே திறக்காத பிள்ளை அது. அதற்கும் தெரிந்திருக்கிறது.

பெரிய கண்டுபிடிப்பு எதையோ சொல்கிற பாவனையில் ஒருவரும் சொல்லவில்லை. சுவரில் கடிகாரம் இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்கள். இப்படித்தானே படிக்கச் சொல்லித்தந்தீர்கள் என்கிற முகங்கள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பலகைப் பக்கமே ஒருத்தர் கண்ணும் போனதில்லை. வருஷம் பூராவும் அவர் தாடையைத்தான் படித்திருக்கிறார்கள். பக்கத்து அக்காவின் வாயைப் பார்த்துப் பாடிய பெண் வளர்ந்து டீச்சராகி, ஒரு வகுப்பு நிறையத் தன்னைப் போலவே செய்து வைத்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்தாமலே, ஒரு காகிதத்தில் நடந்ததை எல்லாம் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் படித்தார். படித்துவிட்டு மகளைப் பார்த்தார். மகள் அப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் உதடு துடித்தது.

"அம்மா, இது எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும்மா" என்றாள் மகள். "நீ பாடும்போது கோழி தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கும்." சொன்னதோடு நிற்காமல் கழுத்தை நீட்டிச் செய்தும் காட்டினாள்.

'தெரிஞ்சும் ஏன் சொல்லல?' என்று டீச்சர் கோபமாக எழுதினார். பென்சில் முனை உடைந்தது.

"உயிர் பயம்" என்றார் வீட்டுக்காரர்.

சிரிக்கக் கூடாது, தாடை அசையும். டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இரண்டையும் கண்ணாலேயே செய்ய வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முடிச்சை அவிழ்த்து இதமாக மறுபடி கட்டினார்.

"நான் ஒண்ணு சொல்றேன், திட்டாத. உங்க ஹெச்செம்முக்கு இது தெரியாதுல்ல? அன்னைக்கும் நீ முன்னாடி நின்னு எப்பவும் போல ஆட்டிட்டுப் போ. பிள்ளைங்க பாடிருவாங்க. வேல முடிஞ்சுது."

வாஸ்தவம்தான். அவர் சொல்கிறபடி செய்தால் காரியம் நடந்துவிடும், யாருக்கும் தெரியாது. டீச்சர் வெகு நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுதினார்: 'ஹெச்செம் பேப்பரப் புடுங்க மாட்டார். ஆனா நான் பக்கத்துல இல்லாத ஒரு நாள்ல, வேற யாராவது புடுங்குவாங்க.'

வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தக் காகிதக் கதை அவருக்குத் தெரியும்.

வீக்கம் வடிந்து பேச்சு வந்ததும் டீச்சர் செய்த முதல் வேலை, முந்திரிக்கொட்டையைக் கூப்பிட்டது. அவள் எதற்கும் இருக்கட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நீ சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சுடி கண்ணு. நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"எது டீச்சர்?"

அவள் மறந்தே போயிருந்தாள்.

இரண்டாவது வேலை, வகுப்பின் பின்பக்கம் போய் நின்றது. பிள்ளைகள் பலகையைப் பார்க்கட்டும், முகம் தெரியாமல் பின்னால் நின்றுகொள்ளலாம் என்று எண்ணம். "ம், பாடுங்க" என்றார். வகுப்பு மொத்தமும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. சரி என்று முன்னால் வந்து பெரிய அட்டை ஒன்றால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிள்ளைகள் கால் கட்டை விரலைப் பார்த்தார்கள். அதுவும் ஏறி இறங்குகிறதாம்! அன்றைக்குத்தான் டீச்சருக்குத் தன் உடம்பைப் பற்றி நிறைய விஷயம் தெரிந்தது. எழுதியவருக்குப் பாட்டு தெரியும். தெரிந்த உடம்பு சும்மா இருக்காது. எங்கேயாவது ஒரு இடத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

அதை நினைத்துக்கொண்டே மத்தியானம் பள்ளிப் பின்கட்டுப் பக்கம் போனார். ஆயாம்மா தரை துடைக்கிற துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். வரிசையாகக் கட்டிய கொடிக்கயிறுகள். ஒன்றில் ஒரு துணி மேலே, இன்னொன்றில் ஒரு துணி கீழே. டீச்சர் நின்றுவிட்டார். எனக்கே தெரியாத பாட்டாக இருந்தால்? புள்ளியைப் பிள்ளைகளே வைத்தால்? வைக்கிறபோது நான் அந்தப் பக்கமே திரும்பாமல் நின்றால்?

"ஆயாம்மா, இந்தக் கயிறு கொஞ்சம் வேணுமே."

"எதுக்கு? துணி காயப் போடவா?"

"பாட்டுக் காயப் போட."

ஆயாம்மா மேலும் கீழும் பார்த்தாள். "பல்லப் புடுங்கச் சொன்னா அந்த டாக்டரு வேற எதையோ புடுங்கிட்டாரு போல" என்றாள். ஆனால் மறுநாள் காலையில் புதுக் கயிற்றுச் சுருளும், டப்பா நிறையக் கிளிப்பும் டீச்சர் மேசையில் இருந்தன. எங்கிருந்து என்று கேட்டதற்கு, "ஸ்டோர் ரூமுல எலி கடிக்கிறதுக்கு இருந்துச்சு" என்று மட்டும் பதில் வந்தது.

ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் அலமாரி வரைக்கும் ஐந்து கயிறு கட்டினார்கள். அடிக்கயிறு பிள்ளைகளின் முழங்கால் உயரம், மேல் கயிறு தலை உயரம். வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி, தட்டுத் தட்டாகப் புள்ளி செய்து கொண்டுவந்தார். கோட்டில் உட்காருகிற புள்ளிக்குப் பக்கத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு வெட்டு. கயிற்றில் செருகினால் நின்றுவிடும். சந்தில் நிற்கிற புள்ளிக்குத் தலையில் கிளிப், மேல் கயிற்றிலிருந்து தொங்கும். வாசற்படி டோவுக்கு ஒரு முக்காலி.

விளையாட்டுக்கு 'டீச்சரை மடக்கு' என்று பெயர். ஒரு பிள்ளை போய் இஷ்டத்துக்குப் புள்ளி மாட்டும். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பார்த்தபடி நிற்பார், கையில் சிலேட்டு. டோ என்ன உயரம் என்று மட்டும் குரல் கொடுப்பார். பிள்ளைகள் கயிற்றைப் பார்த்து, சுரத்தின் பெயரைச் சொல்லாமல் 'ஆ' என்று மட்டும் பாட வேண்டும். காதால் கேட்டதை டீச்சர் சிலேட்டில் எழுதுவார். பாடி முடித்ததும் திரும்பி, சிலேட்டையும் கயிற்றையும் ஒத்துப் பார்ப்பார்கள். வேறு வேறாக இருந்தால் ஒன்று பிள்ளைகள் தப்பாகப் பாடியிருக்க வேண்டும், இல்லை டீச்சர் தப்பாகக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் ஒன்றுமே ஒத்து வரவில்லை.

"நீங்கதான் டீச்சர் தப்பாக் கேட்டுட்டீங்க!" என்றது வகுப்பு.

"அப்படியா? அப்ப இந்தப் புள்ளி எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

சண்டை வந்தது. நல்ல சண்டை. அது கோடு என்றான் ஒருத்தன், சந்து என்றாள் ஒருத்தி. சண்டையைத் தீர்க்க ஒரே வழி, கயிற்றுக்குப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதுதான். டீச்சரின் முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. போய்ப் பார்த்தார்கள், விரல் வைத்து எண்ணினார்கள். அப்படி வருஷம் முழுக்கப் பார்க்காத புள்ளியைப் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள்.

நாள் போகப் போகச் சிலேட்டும் கயிறும் நெருங்கி வந்தன. முழுக்க அல்ல. ஒரு நாள் பாதிப் பாட்டு ஒத்துப்போகும், மறுநாள் மொத்தமும் கவிழும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற டீச்சருக்கு முகத்தைத் திருப்பாமல் இருப்பது பெரிய தவமாக இருந்தது. பிள்ளைகள் முட்டி மோதுகிறபோது ஒரு பார்வை பார்த்தால் போதும், தூக்கிவிட்டுவிடலாம். தாடை பரபரக்கும். அப்போதெல்லாம் பல் போன இடத்தை நாக்கால் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தாடை அடங்கிவிடும்.

தலைமையாசிரியர் வருகிற நாளுக்கு முந்தின நாள், டீச்சரே அவர் அறைக்குப் போனார்.

"சார், நாளைக்கு நான் கிளாஸ்ல இருக்க மாட்டேன். வராண்டாவுல நிக்கிறேன்."

"ஏன் டீச்சர்? பயமா?"

"என் தாடை சரியில்ல சார்" என்று சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப நானும் எங்கயும் பாட்டுத் தேடப் போகல. நானே புள்ளி வைக்கிறேன். எனக்குப் பாட்டுல ஒண்ணும் தெரியாது. அதனால என் தாடைக்கும் ஒண்ணும் தெரியாது."

சொன்னபடி வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தட்டுகளை எடுத்து இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று மாட்டினார். டீச்சர் டோவை ஒரு தரம் பாடிக் காட்டிவிட்டு, சிலேட்டோடு வராண்டாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றார். ஆயாம்மா ஏற்கெனவே பெருக்கிய வராண்டாவை மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்து பாட்டு வந்தது. பாட்டா அது! டோவில் தொடங்கியது, எடுத்த எடுப்பில் எங்கோ உயரத்துக்குக் குதித்தது, அங்கிருந்து தொப்பென்று கீழே விழுந்தது, ஒரே இடத்தில் நொண்டியது, திரும்பவும் ஏறியது. பிள்ளைகள் வழி தவறிவிட்டார்களா, இல்லை தலைமையாசிரியர் மாட்டியதே அந்த லட்சணமா? டீச்சரின் காதுக்குத் தெரியவில்லை. நல்ல பாட்டாக இருந்தால் தப்பு தெரியும். இதில் எது தப்பு, எது பாட்டு? கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டே போனார்.

நடுவில் பாட்டு நின்றுபோனது.

டீச்சர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்தக் காகிதம் மெதுவாக உருவப்படுகிற மாதிரி இருந்தது.

உள்ளே முந்திரிக்கொட்டையின் குரல் கேட்டது. "நில்லுங்க, நில்லுங்க! அது கோடு இல்ல. சந்து!"

"கோடுதான்!"

"போய்ப் பாரு, கிளிப் மாட்டியிருக்கு. சந்து!"

திமுதிமுவென்று ஓடுகிற சத்தம். அப்புறம் வாயே திறக்காத அந்தப் பிள்ளையின் குரல், "சந்துதான்." அவ்வளவுதான். எல்லாரும் சேர்ந்து, கொஞ்சம் பின்னால் போய், அந்த இடத்தைத் திருத்திக்கொண்டு, கடைசி வரைக்கும் பாடி வாசற்படியில் இறங்கி நின்றார்கள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஆயாம்மா விளக்குமாற்றோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுவத்துக்கு நல்லாப் பாட்டுச் சொல்லிக் குடுத்தீங்க டீச்சரம்மா" என்றாள். "தாடை அந்த ஆட்டம் ஆடுச்சு."

டீச்சர் சிலேட்டோடு உள்ளே போனார். பிள்ளைகள் வழக்கம்போல ஓடிவந்து சிலேட்டைப் பிடுங்கி, கயிற்றோடு ஒத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒன்று ஒன்றாகச் சரி, சரி, சரி என்று வந்து, கடைசிப் பக்கம் ஓரிடத்தில் நின்றார்கள். சிலேட்டில் டீ, கயிற்றில் லா.

"பாடுங்க, பாடுங்க" என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகள் மறுபடி பாடினார்கள். லா உயரத்தில்தான் பாடினார்கள். கயிற்றில் இருப்பதும் லாதான். அவ்வளவு கோணலான பாட்டைக் கேட்கக் கேட்க, டீச்சரின் காது தன்னை அறியாமல் அழகான பக்கம் சாய்ந்து, வராத ஒன்றை வந்ததாகக் கேட்டுவிட்டது.

"டீச்சர் மாட்டிக்கிட்டாங்க! டீச்சர் மாட்டிக்கிட்டாங்க!" வகுப்பு பெஞ்சு மேல் ஏறிவிட்டது.

டீச்சருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் இவ்வளவு ஆசையாகத் தோற்றதில்லை.

தலைமையாசிரியர் தன் பாட்டைப் பார்த்தபடி நின்றார். "இது நான் வச்சதா? ஏம்ப்பா, இந்தப் பாட்டு நல்லாவா இருக்கு?"

"இல்ல சார்!" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

"அப்புறம் ஏன் அப்படிப் பாடுனீங்க?"

முந்திரிக்கொட்டை அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அப்படித்தானே சார் வச்சிருக்கீங்க?"

தலைமையாசிரியர் இன்னொரு தரம் கயிற்றைப் பார்த்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "கணக்குக்கு வேற வேளை பாத்துக்கறேன் டீச்சர்" என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பிவந்து, தன் பாட்டில் ஒரே ஒரு தட்டைக் கழற்றி ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு மாற்றினார். "இப்பப் பாடுங்க, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மணி அடித்த பிறகும் அவரைக் கிளப்ப முடியவில்லை.

பிள்ளைகள் போகும்போது முந்திரிக்கொட்டை மட்டும் பின்தங்கினாள்.

"டீச்சர், இனிமே உங்க மூஞ்சியப் பாக்கலாமா?"

"பாக்கலாம்டி. பாட்டு முடிஞ்சதும் பாக்கலாம்."

அந்த வாரக் கடைசியில் டீச்சர் பல் டாக்டரிடம் போனார். வீட்டுக்காரரும் கூடப் போனார். ஆறிவிட்டது, இனிப் பொய்ப்பல் கட்டிவிடலாம் என்றார் டாக்டர். வேண்டாம் என்றார் டீச்சர்.

"சந்து விழுந்தா விழுந்துட்டுப் போகட்டும் டாக்டர். எனக்கு அது வேணும். நான் நன்றி சொல்லத்தான் வந்தேன்."

டாக்டர் வீட்டுக்காரரைப் பார்த்தார். "பல்லப் புடுங்கினதுக்கா?"

"ஆமா சார்" என்றார் வீட்டுக்காரர். "வீட்ல நானும் மகளும் செய்யப் பயந்த வேலைய நீங்க செஞ்சிட்டீங்க."